கல்லாற்று மணலும் ஒலுவில் துறைமுகமும்

மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர். இத்தனை நீளமான நீருக்குக் கடலில் போய்ச் சேர இரண்டே வாய்கள்தான் உண்டு. ஒன்று வடக்கே, மட்டக்களப்பு நகரை ஒட்டி, பாலமீன்மடுப் பக்கம். மற்றது தெற்கே, பெரியகல்லாற்றில். கோடை நீண்டால் மணல் வந்து இந்த வாய்களை அடைத்துவிடும். மாரி வந்து வாவி நிரம்பும்போது மனிதர்கள் போய் வெட்டிவிட வேண்டும்.

மாரி மழை இன்னும் பிடிக்காத ஐப்பசித் தொடக்கத்தில் நான் பெரியகல்லாற்றில் இறங்கினேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பெருந்தெரு இங்கே வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிப் போகிறது. மேற்கே வாவி அசைவில்லாமல் கிடக்கிறது. கிழக்கே கடல் இரைகிறது. இரண்டுக்கும் குறுக்கே, கால் நனையாமல் நடந்து போகக்கூடிய ஒரு மணல் மேடு. அதுதான் அடைபட்ட முகத்துவாரம். புதிதாக வருகிறவர் அதைச் சாதாரணக் கடற்கரை என்றே நினைப்பார். 2004 டிசம்பர் 26 காலையில் இந்த ஒடுங்கிய நிலத்தின் மேல்தான் சுனாமி ஏறி வந்தது. கரையோரக் கிராமங்களில் அந்த நாளைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்காமலே சொன்னார்கள்.

கிழக்கிலங்கையின் துறைமுகங்களைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன். வாவியில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்த பெரியவரிடம் அதைச் சொன்னபோது அவர் வலையை உதறியபடி சிரித்தார். “கப்பல் பாக்கவா மகன் கல்லாத்துக்கு வந்த நீங்க?”

கப்பல் இல்லாத ஊர்தான். ஆனால் இந்தக் கடற்கரையில் ஒரு துறைமுகம் ஏன் வாழ்கிறது, இன்னொன்று ஏன் வாழவில்லை என்பதை அறிய இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் வற்றுப் பெருக்கு மிகக் குறைவு. உயர்ந்த மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. பெருக்கு அதிகமுள்ள நாடுகளில் நாளுக்கு இரண்டு முறை கடல் நீர் கழிமுகங்களுக்குள் வேகமாகப் புகுந்து வெளியேறி, வாயை அரித்துத் திறந்தே வைத்திருக்கும். இங்கே அந்த வேகம் இல்லை. அலை சாய்வாக வந்து கரையில் மோதும்போது மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டு போகிறது. வாய் எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே கொட்டுகிறது. மழைக்காலத்து ஆற்று நீர் மட்டும்தான் அந்த மணலை வெளியே தள்ள வல்லது. ஆகவே வாய் வெட்டுவதற்கு ஒரு காலக் கணக்கு இருக்கிறது.

“நாள் பாத்துத்தான் வெட்டணும் மகன்,” என்றார் பெரியவர். “உள்ளுக்க தண்ணி ஏறி நிக்கணும். கடல் கொஞ்சம் அடங்கி இருக்கணும். பெக்கோவால ஒரு வாய்க்கால் அளவுக்குக் கீறி விட்டாக் காணும், மிச்சத்தத் தண்ணியே வெட்டிக்கொண்டு போகும்.”

“பிந்தி வெட்டினா?”

“வெள்ளாமை தாழும்.”

“முந்தி வெட்டினா?”

“தண்ணி போகும், இறால் போகும். கடல் திரும்பவும் மூடிப்போடும்.”

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்பவருக்கு வாய் சீக்கிரம் திறக்க வேண்டும். வெள்ளம் வடிய வேண்டும். கிழக்கே எழுவான்கரையில் வலை வீசுபவருக்கு வாவியில் நீர் நிற்க வேண்டும். உப்பும் நன்னீரும் இறாலுக்கு ஏற்ற அளவில் கலக்க வேண்டும். கரைத்தெருவில் வீடு உள்ளவருக்குத் தெருவில் தண்ணீர் ஏறக் கூடாது. இவர்களுக்கு நடுவே பிரதேச செயலகமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மீனவர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் பேசி, ஒரு நாளைக் குறித்து, மண் வெட்டும் இயந்திரமான பெக்கோவை இறக்குகிறார்கள். மனக்கசப்பில்லாமல் ஒரு மாரியும் கழிவதில்லை. ஆனாலும் இது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

மட்டக்களப்பு ஒருகாலத்தில் பெயர்பெற்ற துறைதான். 1628இல் போர்த்துக்கேயர் வாவியில் உள்ள புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையைச் சுற்றி ஓடிய நீராவிக் கப்பல்கள் இங்கும் வந்தன. ஆனால் முகத்துவாரத்து மணல் திடலைத் தாண்டிப் பெரிய கப்பல் எதுவும் உள்ளே வர முடியாது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் தோணிகள் ஏற்றி இறக்கும். வாடைக்காற்று எழுந்தால் அதுவும் நடக்காது. 1913இல் பாலமீன்மடுவில் எழுந்த வெளிச்சவீடு, இந்த வாயைத் தேடி வரும் கலங்களுக்கு வழி காட்டத்தான். 1928இல் புகையிரதம் மட்டக்களப்புக்கு வந்தது. அதன்பின் கொழும்புக்குச் சாமான் அனுப்ப யாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒலுவில்

பெரியகல்லாற்றிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் ஊர்கள் இடைவெளியில்லாமல் வருகின்றன. பெரியநீலாவணை, கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் மாறி மாறிக் கேட்கும் தெரு இது. கல்முனையில் பஸ் நின்றபோது கடைகளுக்கு முன்னால் லொறிகள் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தன. பால்மா, சீமெந்து, சீனி, ஓடு, சைக்கிள் உதிரிப்பாகம். வெளிநாட்டிலிருந்து வரும் எதுவும் இங்கே கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, நாட்டின் குறுக்கே தெருவழியாகத்தான் வருகிறது. கடல் கடைகளுக்கு அரை மைல் தூரத்தில்தான் இருக்கிறது.

இந்த முரண்தான் ஒலுவில் துறைமுகத்தின் தோற்றுவாய். 1994இல் துறைமுக, கப்பற்றுறை அமைச்சைப் பொறுப்பேற்ற எம்.எச்.எம். அஷ்ரப் இந்தக் கரையின் பிள்ளை. கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி. முஸ்லிம் காங்கிரஸின் நிறுவனத் தலைவர். தென்கிழக்குக்கு ஒரு பல்கலைக்கழகமும் ஒரு துறைமுகமும் வேண்டும் என்று அவர் விரும்பினார். பல்கலைக்கழகம் அவர் காலத்திலேயே ஒலுவிலில் எழுந்தது. துறைமுகம் கைகூடுமுன், 2000 செப்டெம்பர் 16 அன்று அரநாயக்கவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்தார். திட்டம் தாமதமாகத்தான் உயிர் பெற்றது. டென்மார்க்கின் உதவியில் 4 கோடியே 61 இலட்சம் யூரோ வட்டியில்லாக் கடனாகக் கிடைத்தது. டென்மார்க்கின் எம்.டி. ஹொய்கார்ட் நிறுவனம் 2008இல் வேலை தொடங்கியது. 2013 செப்டெம்பர் 1 அன்று அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தார். வணிகத் துறைமுகம் ஒரு பக்கம், மீன்பிடித் துறைமுகம் மறுபக்கம். எட்டு மீற்றர் ஆழம். கடலுக்குள் நீண்டு வளைந்த இரண்டு கல்லணைகள்.

நான் பார்த்தபோது கல்லணைகள் அப்படியே நின்றன. துறைமேடையின் கொங்கிரீற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சவீடு கரையில் நிற்கிறது. காவலாளி வாசலில் இருக்கிறார். கப்பல்தான் இல்லை. வணிகத் துறைமுகம் என்ற பேரில் கட்டியதற்கு வழக்கமான சரக்குக் கப்பல் சேவை ஒன்றும் அமையவே இல்லை. கல்லணைகளுக்கு நடுவே உள்ள நுழைவாயில் மணல் ஏறி ஆழம் குறைந்திருக்கிறது. அலை அங்கே உடைந்து வெளுக்கிறது. ஆழமுள்ள இடத்தில் அலை உடையாது என்பது கரையில் பிறந்த சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இந்தக் கரையில் ஆண்டின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லணை போட்டால் தெற்குப் பக்கத்தில் மணல் சேரும். சேர்ந்து சேர்ந்து அணையின் முனையைச் சுற்றி வாயிலில் நிரம்பும். வடக்குப் பக்கத்துக்குப் போக வேண்டிய மணல் போகாது. அங்கே கடல் தனக்கு வர வேண்டியதைக் கரையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒலுவிலின் வடகரையில் நான் நடந்தபோது தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அரித்த கரையைக் காக்கக் கொட்டிய பாறைகள் வரிசையாகக் கிடந்தன. அந்தப் பாறை வரிசை முடியும் இடத்தில் புதிய அரிப்பு தொடங்குகிறது. அது நிந்தவூர் வரை போகிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது பழகிய கதை. 1876இல் சென்னையில் செயற்கைத் துறைமுகத்தின் அணைகளைக் கட்டத் தொடங்கியபோது இதேதான் நடந்தது. தெற்கே மணல் குவிந்து மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரமும் காசிமேடும் அரிக்கப்பட்டு, அங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்சுவருக்குப் பின்னால் வாழ்கிறார்கள். கிழக்கே பார்த்திருந்த பழைய நுழைவாயில் தூர்ந்துபோய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயிலையே வடகிழக்குப் பக்கம் மாற்றிக் கட்ட நேர்ந்தது. ஆனாலும் சென்னைத் துறைமுகம் வாழ்ந்தது. பின்னால் ஒரு மாகாணத்தின் முழு வணிகமும் இருந்தது. தூர்வாரும் செலவைக் கப்பல்கள் கொடுத்த கட்டணம் தாங்கியது. விசாகப்பட்டினத்தில் இன்னொரு வழி கண்டார்கள். துறைமுக வாயிலில் அள்ளும் மணலை வீணாக ஆழ்கடலில் கொட்டாமல், வடக்கே நகரத்துக் கடற்கரைக்கே திருப்பிப் போடுகிறார்கள். மணலின் பயணத்தை அணை நிறுத்தியது. கருவி அதைத் தொடரவைக்கிறது.

ஒலுவிலில் அப்படிப்பட்ட ஏற்பாடு நிலைத்து அமையவில்லை. விளைவு, ஒரே கரையில் வாழும் இரண்டு பகுதியார் எதிரெதிரே நிற்க வேண்டியதாயிற்று. வாயில் தூர்ந்ததால் ஆழ்கடல் படகுகள் உள்ளே வர முடியவில்லை. மணலை அள்ளுங்கள் என்று மீனவர் தெருவுக்கு வந்தார்கள். அள்ளினால் எங்கள் கரை இன்னும் போகும், அள்ளவேண்டாம் என்று கரையோரத்தார் தெருவுக்கு வந்தார்கள். துறைமுகத்துக்குக் காணி கொடுத்தவர்கள் நட்டஈட்டுக்காக ஆண்டுக் கணக்கில் அலைந்தது தனிக் கதை.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை. அங்கிருந்த ஆழ்கடல் படகுக்காரர் ஒருவரிடம், “காக்கா, இப்ப படகெல்லாம் எங்க கட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“வாழைச்சேனைக்குப் போறம் தம்பி. இல்லாட்டித் திருகோணமலை. ஊட்டுக்கு முன்னால துறைமுகம், படகு நூறு மைலுக்கு அங்கால,” என்றார். “டீசல் காசு, ஐஸ் காசு, மீனைக் கொண்டுவாற லொறிக் காசு. பிடிச்ச மீன்ல பாதி ரோட்டுல போகுது.”

பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொருவர் பேச்சில் நுழைந்தார். அவருடைய தென்னந்தோட்டத்தில் இரண்டு வரிசை கடலுக்குப் போய்விட்டதாம். “மணல அள்ளட்டும், நாங்க வேணாங்கல்ல. அள்ளுற மணல எங்கட கரையில போடட்டும். அதச் சொன்னாக் கேக்க ஆளில்ல.” படகுக்காரர் தலையசைத்தார். தெருவில் எதிரெதிரே நின்ற இரண்டு கோரிக்கையும் ஒரே மேசையில் பொருந்திப் போனதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த பேச்சு மீன் விலைக்குப் போய்விட்டது.

வடக்கே

ஒலுவிலுக்குக் கப்பல் வராததற்கு மணல் ஒரு காரணம் மட்டும்தான். இன்னொரு காரணம் தெருவில் இருக்கிறது. ஒலுவில் திட்டம் மனத்தில் உருவான தொண்ணூறுகளில் கிழக்கின் தெருக்கள் போரில் நொறுங்கிக் கிடந்தன. மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குப் போக வெருகல், இறால்குழி, கிண்ணியா என்று துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். கிழக்கில் பாதை என்றால் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. குருமன்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே வாவியில் ஓடும் பாதை பெரியகல்லாற்றாருக்கு அன்றாட வழி. தெரு இல்லாத காலத்தில் கடல்தான் தெரு. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்கு அரிசியும் மாவும் கப்பலில்தான் போயின, ஆட்களும் கப்பலில் போனார்கள்; திருகோணமலையிலிருந்து போன கப்பலில் இடம் கிடைக்கக் காத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன்.

போர் முடிந்ததும் தெரு திரும்ப வந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. 2013இல் ஒலுவில் திறந்தபோது லொறி விடியுமுன் கொழும்பிலிருந்து புறப்பட்டு மாலைக்குள் கல்முனைக்கு வந்துவிடும் நிலை. கப்பலுக்குப் போகும்போதும் சரக்கு வேண்டும், வரும்போதும் சரக்கு வேண்டும். கிழக்கு அனுப்பும் நெல்லும் தேங்காயும் மீனும் சிறு சிறு பொதிகளாக, பல வியாபாரிகளின் கையில், நாளுக்கு நாள் விலை மாறிப் போகிறவை. அவற்றைச் சேர்த்து ஒரு கப்பலை நிரப்பக் காத்திருப்பதைவிட லொறியில் ஏற்றிவிடுவது இலகு. கொள்கலன்களோ கொழும்பை விட்டு நகராது. 2021இல் கொழும்பு கையாண்ட கொள்கலன்கள், இருபதடிக் கணக்கில், 70 இலட்சத்தைத் தாண்டின. பெரிய கப்பல்கள் அங்கே வருவதே ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டி மாற்றத்தான்.

திரும்பி வடக்கே வரும் வழியில் கல்லடியில் இறங்கிக் கடற்கரைக்குப் போனேன். இங்கிருந்து சில மைல் தூரத்தில், ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஹேர்மீஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கப்போகின்றன என்று செய்தி வந்ததும், துறைமுகத்தில் நின்றால் ஆபத்து என்று அதை வெளியே அனுப்பினார்கள். 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு வெளியே ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளூர் மீனவருக்கு அது நல்ல மீன் கிடைக்கும் இடம். வெளிநாட்டுச் சுழியோடிகளுக்கு விலை கொடுத்துப் பார்க்கும் இடம்.

சீனக்குடா

வாகரை, வெருகல், மூதூர் தாண்டி கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியபோது மழை தொடங்கிவிட்டது. அந்த மழைக்குள்ளேதான் முதற் கப்பலைக் கண்டேன். சீனக்குடாவில், மாவாலையின் துறைமேடையில், ஒரு தானியக் கப்பல் அசையாமல் நின்றது. கப்பலை இவ்வளவு அமைதியான நீரில் பார்ப்பது கிழக்குக் கரையில் வேறெங்கும் கிடைக்காது. வெளியே கொட்டியாற்றுக் குடாவில் அலை எழுந்துகொண்டிருந்தது. உள்ளே நீர் மழைத்துளியில் மட்டும் சிலிர்த்தது.

திருகோணமலைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேயர். குன்றுகள் சுற்றி நின்று காற்றைத் தடுக்கின்றன. கோணேசர் மலைக்கு வெளியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரையை நெருங்கி வருவதால் ஆழமும் கரைக்கு அருகிலேயே கிடைக்கிறது. நீலத் திமிங்கிலங்கள் இங்கே இவ்வளவு பக்கத்தில் வருவதும் அந்த ஆழத்தால்தான். மகாவலி தன் மணலைக் கொட்டியாற்றுக் குடாவில் கொண்டுவந்து கொட்டியும் இந்தத் துறைமுகம் தூரவில்லை. இயற்கை இங்கே எந்தக் கடனும் இல்லாமல் கொடுத்ததை ஒலுவிலில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

மழையில் தானியக் கப்பல் வேலை நிறுத்திவிடும். கப்பலின் அறைகளுக்கு மேல் இரும்பு மூடிகளை இழுத்து அடைத்துவிடுகிறார்கள். கோதுமை ஒருமுறை நனைந்தால் ஊறிப் புளிக்கும். வானம் வெளுத்ததும் மூடி திறக்கும். உறிஞ்சு குழாய்கள் தானியத்தை இழுத்து ஆலையின் களஞ்சியங்களுக்கு அனுப்பும். மழை நின்ற நேரமெல்லாம் வேலை நேரம். இரவென்றும் பகலென்றும் இல்லை. கப்பலை ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் காலிசெய்யாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பற்காரருக்குக் காசு கட்ட வேண்டும். மாரியில் கிழக்குத் துறைமுகத்தின் பெரிய கவலை கடலைவிட வானம்தான்.

கப்பல் வரும் முறையும் ஒழுங்கானது. வெளியே வந்து நின்று அறிவிக்கும். துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமி சிறு படகில் போய், கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி, தலைவரின் பக்கத்தில் நின்று உள்ளே கொண்டுவருவார். கடைசிக் கட்டத்தில் இழுவைப் படகுகள் முட்டியும் இழுத்தும் துறைமேடையோடு சேர்க்கும். எண்ணெய்க் கப்பல், சீமெந்துக்கான மூலப்பொருள் கொண்டுவரும் கப்பல், கோதுமைக் கப்பல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் துறைமேடை உண்டு. பொதுச் சரக்குக்கு உள்ள துறைமேடைக்கு அஷ்ரப் இறங்குதுறை என்று பெயர். ஒலுவிலைக் கனவு கண்டவரின் பெயரை இங்கே கப்பல்கள் நாளாந்தம் சொல்லிக்கொண்டு வருகின்றன.

சீனக்குடாச் சந்தியில் லொறிகள் நீளமாக நின்றன. மாவு ஏற்ற ஒரு வரிசை, சீமெந்துக்கு இன்னொன்று. ஒரு சாரதி தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கே போகிறது என்று கேட்டேன். “மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை,” என்றார். கோதுமை கடல்வழி வந்து, திருகோணமலையில் மாவாகி, தெருவழியே கல்முனைக்குப் போகிறது. ஒலுவிலுக்கு முன்னால் உள்ள கடலைக் கடந்துதான் அந்தக் கோதுமைக் கப்பல் வந்திருக்கும்.

இங்கும் ஆழமும் அமைதியும் மட்டும் கப்பலைக் கூட்டி வந்துவிடவில்லை. துறைமுகத்துக்கு மேலே காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 தாக்குதலில் ஒரு ஜப்பானிய விமானம் மோதி எரித்த தொட்டியின் உருகிய இரும்பு இன்னும் கிடக்கிறது. பெரும்பாலான தொட்டிகள் பல தசாப்தங்களாக வெறுமையாகக் கிடந்தன. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளை சிலவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2022 ஜனவரி உடன்பாட்டில் 14 தொட்டிகள் அந்த நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்தார்கள். உலகம் புகழும் துறைமுகத்தில் இடம் நிறைய மிச்சம். கப்பல் வருகிற இடங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஆலையோ ஒரு களஞ்சியமோ கரையிலேயே நிற்கிறது. சரக்கு முதலில், கப்பல் பிறகு.

இன்னொரு சரக்கைப் பற்றிக் கேட்டபோது சிரிப்பு வந்தது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் அலை தரம்பிரித்துக் கரையில் குவிக்கும் கறுத்த மணலில் இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கன் உண்டு. அரசாங்கத்தின் கனிய மணல் நிறுவனம் அதை அள்ளி ஏற்றுமதி செய்கிறது. லொறிகளில் திருகோணமலைக்கு வந்து கப்பலேறும். கல்லாற்றின் வாயை அடைப்பதும் ஒலுவிலின் நுழைவாயிலை மூடுவதும் நிந்தவூரின் தென்னைகளைச் சாய்ப்பதும் இதே கரையோர மணல் ஓட்டம்தான். ஓரிடத்தில் அது துறைமுகத்தைக் கெடுக்கிறது. இன்னோரிடத்தில் துறைமுகத்துக்குச் சரக்காகிறது.

ஆகவே ஒலுவிலைத் தோற்றுப்போன கொங்கிரீற்று என்று எழுதிவிட்டுப் போவது சரியல்ல. தவறு இரண்டு இடத்தில் நடந்தது. மணலின் ஓட்டத்தை ஒரு முறை தடுத்தால் போதும் என்று கணக்கிட்டார்கள். அது ஆண்டு முழுவதும் உழைப்பையும் காசையும் கேட்கும் வேலை. துறைமுகம் வந்தால் சரக்கு வரும் என்று நம்பினார்கள்; அந்தக் கரையில் ஏற்கெனவே இருக்கும் சரக்கு எது என்று பார்க்கவில்லை.

அந்தச் சரக்கு மீன். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளின் ஆழ்கடல் படகுகள்தான் ஒலுவிலின் கப்பல்கள். அவற்றுக்கு எட்டு மீற்றர் ஆழம் வேண்டாம். மூன்று மீற்றர் போதும். ஒரு சரக்குக் கப்பலுக்காகக் காத்திருக்கும் துறைமேடையில் ஐஸ் ஆலையும் ஏலக் கூடமும் டீசல் தாங்கியும் வேலை செய்யலாம். அந்த மூன்று மீற்றரைக் காக்க ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளவும், அள்ளிய மணலை வடகரையில் கொட்டவும் ஆகும் செலவைத் துறைமுகத்தின் நிரந்தரச் செலவாக எழுதிவைக்க வேண்டும். தேநீர்க் கடையில் தலையசைத்த படகுக்காரரும் தென்னை இழந்தவரும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.